சொம்பில் கிடக்கும் சீட்டு

என் ஆசை மாமாவுக்கு,

போன இடத்தில் நல்ல காற்று வருகிறதா? கேட்கிற கேள்வியைப் பார் என்று சிரிப்பாய். சிரி. உன்னிடம் கேட்க எனக்கு வேறு எதுவும் வரவில்லை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சோற்றை ஆக்கி அப்படியே மூடி வைத்திருக்கிறேன். அத்தை தொடவில்லை, நானும் தொடவில்லை. உன் மகள் மட்டும் கருவாட்டுக் குழம்பை ஊற்றித் தின்றுவிட்டு, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டாள். முகத்துவாரம் மறுபடியும் மணல் மூடிக்கொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வராமல் ஏரி சுண்டிப்போய்க் கிடக்கிறது. இறால் கண்ணிலேயே படவில்லை. பழவேற்காட்டில் ஏலம் போட மீன் இல்லாமல் பொம்பளைகள் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து கதை பேசுகிறார்கள்.

அதெல்லாம் கிடக்கட்டும். நான் எழுத வந்தது வேறு. உன் தம்பி வேலு நாளைக்குக் காலையில் குழாய்க்குள் போகப்போகிறான். நீ போனாயே, அதே மாதிரிக் குழாய், அதே வேலை. சீட்டு அவன் பேருக்கு விழுந்திருக்கிறது. நான் என்ன செய்யட்டும் மாமா?

இந்தக் கடிதம் உன் கைக்கு வராது என்று எனக்குத் தெரியாதா? அதனால் ஊரும் படிக்கட்டும், கம்பெனிக்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறாளே என்று அலுத்துக்கொள்ளாதே. அவர்களுக்குத் தெரியாதே.

நம் ஊரில் ஏரியை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பேர். அமாவாசை கழிந்ததும் அம்மன் கோயில் வாசலில் பித்தளைச் சொம்பில் சீட்டைப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். விழுந்தது விழுந்ததுதான். மாற்றிக்கொள்ளக் கூடாது, எனக்கு வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. எடுத்த சீட்டு அந்தப் பாடு முடிகிறவரை அம்மன் முன்னால் சொம்பிலேயே கிடக்கும். பொம்பளை கை மட்டும் அதில் படக் கூடாது. ஒரு சீட்டில் பட்டாலும் மொத்தப் பாடும் செத்துப்போச்சு என்பார்கள். அடுத்த அமாவாசை கழிந்து மறுபடி குலுக்குகிறவரை நம் ஆட்கள் ஒருத்தரும் அந்த வேலையைத் தொட மாட்டார்கள்.

நான் கல்யாணமாகி வந்த புதுசில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? கோயிலுக்குப் போயிருந்தபோது வாடைக் காற்றில் சொம்பு சாய்ந்து ஒரு சீட்டு என் காலடியில் வந்து விழுந்தது. ஏதோ குப்பை என்று குனிந்து எடுத்துவிட்டேன். உன் பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு கத்தினார், "அய்யய்யோ, பாடு பூட்ச்சே! ஏம்மா, ஒனக்குக் கண்ணு இல்ல?" நானும் மீன்பிடிக்கிற ஊரில் பிறந்தவள்தானே, எடுத்த பிறகுதான் எனக்கும் உறைத்தது. ஏரியில் மடவை மீன் துள்ளிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு படகும் இறங்கவில்லை. எல்லாரும் என்னைத் திட்டிக்கொண்டே கரையில் உட்கார்ந்து சீட்டாடினார்கள். நீ மட்டும் வீட்டுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "இன்னா கோமு, வந்த ஒடனே ஊரையே லீவுல வுட்டுட்ட!"

மீன் குறைந்து எல்லாரும் கம்பெனிக்குக் குழாய் வேலைக்குப் போனபோது அந்தச் சீட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போனீர்கள். யார் உச்சியில் வெயிலில் தொங்கிக்கொண்டு குழாயை ஏற்றுவது, யார் கொட்டகை நிழலில் வெட்டி ராவுவது, யார் குழாய்க்குள் தவழ்ந்து போவது, எல்லாவற்றுக்கும் அதே அம்மன் வாசலில், அதே சொம்பில் சீட்டு. "இப்டி இருந்தா யாருக்கும் மனசு கோணாது" என்று நீதான் சொன்னாய். காண்ட்ராக்டருக்கு ஒரே சந்தோஷம். உங்கள் ஊர் வழக்கம் ரொம்ப நல்ல வழக்கம் என்று எல்லாரிடமும் சொல்வாராம். ஏன் சொல்ல மாட்டார்? யாரையும் அனுப்பினேன் என்ற பேச்சே அவருக்கு இல்லை பார்.

நீ அந்த வேலையை ஆசையாகத்தான் கற்றுக்கொண்டாய். வரைபடத்தின் நகலை வீட்டுக்கு எடுத்து வந்து தரையில் விரித்து அதைச் சுற்றிச் சுற்றித் திருப்புவாய். இஞ்சினியரிடமே போய், "சார், மொதல்ல கடல் எந்தப் பக்கம்னு சொல்லு, அப்பாலிக்கா நான் பாத்துக்கறேன்" என்று கேட்டவன்தானே நீ. வலை நூலை எடுத்துத் தரையில் ஓட்டி எனக்குக் காட்டுவாய். என் வளையல்கள்தான் குழாயோடு குழாயைப் பூட்டுகிற ஃபிளாஞ்ச். புளியங்கொட்டை எல்லாம் வால்வு. "கோடு ஒண்ணுதான் கோமு, ஆனா அதுலயே மேல, கீழ, கெழக்கு, மேற்கு எல்லாம் கீது. சூடு ஏறினா குழாய் நீளும். அது நீள ஒரு வளைவு வுடணும். வுடலேன்னா ஒடச்சிகினு பூடும்." பாப்பா ஒரு வளையலை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டால், "ஏய், பிளான்ட்டே நின்னுடும், குடு" என்று கத்துவாய்.

எனக்கு இருக்கிற கோபம் எல்லாம் அந்த ஒரு நாள் மேல்தான். துருப்பிடிக்காத எஃகுக் குழாய், ஆள் தவழ்ந்து போகிற அகலம். இரண்டு துண்டைச் சேர்த்து வெல்டிங் வைக்கும்போது உள்பக்கம் சாதாரணக் காற்று பட்டால் பற்றவைத்த இடம் கருகிப்போகும் என்று, இணைப்புக்கு இரண்டு பக்கமும் பஞ்சு மெத்தை மாதிரி ஒரு தட்டை வைத்து அடைத்து, நடுவில் ஆர்கான் என்ற வாயுவை நிரப்புவார்கள். வேலை முடிந்ததும் ஒருத்தர் உள்ளே போய் அந்த அடைப்பை எடுத்து வர வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. காற்றைவிடக் கனம். குழாய் பள்ளமாக இறங்குகிற இடத்தில் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும்.

உனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் போனாய். "ஏரில முங்கி, கல்லுல மாட்டின வலைய எடுக்கறவன்டா நானு. மூச்ச புடிச்சிகினு போய் எடுத்துகினு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாயாம். உன்னை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். நம் ஊரில் எவனாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பான். முங்கி எழுந்து வளர்ந்த பசங்கள்.

அப்புறம் பொன்னேரியில் ஒரு டாக்டரம்மாதான் என்னை உட்காரவைத்துச் சொன்னார்கள். தண்ணீருக்குள் மூச்சை அடக்கினால் நெஞ்சு முட்டும், மேலே வா மேலே வா என்று இழுக்கும். அந்த வாயுவை இழுத்தால் நெஞ்சு முட்டவே முட்டாதாம். அடைப்பு மாட்டிக்கொண்டு நேரமாகியிருக்கும், நீ தாங்காமல் மூச்சை இழுத்திருப்பாய், சுகமாகத்தான் இருந்திருக்கும், இரண்டாவது மூச்சில் நினைவு போயிருக்கும் என்றார்கள். வாழ்நாளெல்லாம் உன் நெஞ்சை நம்பி முங்கினாயே மாமா. அன்றைக்கு அது உனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே. வெளியே நிற்க வேண்டியவனை வேறு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிடக்கூட ஆள் இல்லை.

விசாரணையில் காண்ட்ராக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "நாங்க அனுப்பலைங்க. அவங்க ஊர் வழக்கம். சீட்டு விழுந்துச்சு, அவரே போனார்." ஏரியில் மீனைப் பங்கு போட்ட சீட்டு, அங்கே சாவைப் பங்கு போட்டிருக்கிறது. அதை அவர் ஒரு டம்ளர் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

உனக்குப் பதிலாக எனக்கு அங்கேயே வேலை கொடுத்தார்கள். என்ன வேலை என்று கேட்டால் நெஞ்சு வெடித்துப்போவாய். குழாய் வாயில் காவல். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தலையில் ஹெல்மெட், கழுத்தில் விசில். உள்ளே போகிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் விசில் அடிக்க வேண்டும், நான் மட்டும் உள்ளே போகக் கூடாது. அவன் போவதற்கு முன்னால் ஆக்சிஜன் மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்த்து, அது காட்டுகிற நம்பரை அனுமதிச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் யாரும் நுழையக் கூடாது. முதலில் கொஞ்ச காலம் அந்த வாயைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பிறகு பழகிவிட்டது. நான் உட்கார்ந்த பிறகு ஒருத்தன் மேலும் ஒரு கீறல் விழவில்லை என்று உன்னிடம் பெருமையடித்துக்கொள்ள நினைத்திருந்தேன்.

இப்போது புது லைன் முடிகிறது. பாக்கி இருப்பது கடைசி இணைப்பு ஒன்றுதான். வெல்டிங் நேற்றே முடிந்துவிட்டது, உள்ளே அடைப்பு மட்டும் இருக்கிறது. எடுக்கிற பாடு வேலுவுக்கு விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் குழாய் இறங்கி ஏறுகிறது மாமா. தரையில் நூலை வளைத்துக் காட்டுவாயே, தொட்டில் மாதிரி, அதே வளைவு.

நேற்று சாயங்காலம் சூப்பர்வைசர் வந்தார். மீட்டர் பழுதாகி சென்னைக்குப் போயிருக்கிறதாம். வர ஒரு வாரமாவது ஆகுமாம்.

"அது வரைக்கும் வேலை நிக்க முடியாதும்மா. திங்கட்கிழமை காலைல தண்ணி நிரப்பி அழுத்தம் பார்க்கணும். மேலிடத்துக்குச் சொல்லியாச்சு."

"மீட்டர் இல்லாம நான் இன்னா நம்பர சார் எழுதுவேன்?"

"போன தடவை எழுதின நம்பரையே போடுங்க. ஃபேன் வெச்சு ஊதிடறோம், ஒண்ணும் ஆகாது."

"அன்னிக்கும் ஃபேன் வெச்சுத்தான் சார் ஊதினீங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. பாவம், சின்ன வயசு, அவருக்கும் மேலே எத்தனை பேரோ. காலால் கல்லைத் தள்ளிக்கொண்டே மெதுவாகத்தான் சொன்னார். "நீங்க போடலைன்னா வேற ஆளை உட்கார வெச்சுப் போட வைப்பாங்கம்மா. உங்க ஊர் ஆளுங்க மொத்தப் பேரையும் அனுப்பிட்டு வடக்கத்தி ஆளுங்களை எறக்கிடுவாங்க. அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க."

பாதுகாப்பு அதிகாரிக்குப் போன் போட்டேன். லீவில் இருக்கிறாராம். வேறொரு நம்பர் கொடுத்தார்கள். அதில் பேசியவர், "திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மேல கூப்பிடுங்க" என்றார். பதினோரு மணிக்கு என் வேலு எங்கே இருப்பான் என்று அவருக்குத் தெரியுமா?

சரி, அவனையே நிறுத்திவிடலாம் என்று காலையில் வேலுவைப் பிடித்துக்கொண்டேன். உன் தம்பி உன்னைவிடப் பிடிவாதம்.

"இன்னா அண்ணி வெளாடறியா? சீட்டு வுழுந்துச்சு. போவலேன்னா ஊர்ல தல காட்ட முடியுமா? அண்ணன் செத்த எடம்னு பயந்துட்டான்னு பேசுவானுங்க."

"பேசிட்டுப் போவட்டும்டா. பேசினா ஒடம்புல ஓட்டையா வுழுது?"

"நான் போவலேன்னா வேற எவனாச்சும் போவணும். அவன் வூட்டுல மட்டும் பொண்டாட்டி புள்ள இல்லியா?"

நியாயத்தைத்தான் பேசுகிறான். அத்தை அவன் காலைப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தன குடுத்தாச்சு நைனா, நீயாச்சும் இருடா" என்று கதறினாள். அவன் அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். இன்னும் வரவில்லை. இந்த வீட்டில் வருமானம் என்று இருப்பது அவன் கையும் என் கையும்தான். அதைக்கூட விடு. அவனைப் பெற்றவள் அங்கே கிடக்கிறாள், ஒரு வாய்த் தண்ணீர் இறங்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்றுக் கொல்லைப்பக்கம் போனால், உன் மகள் வாளித் தண்ணீரில் முகத்தை முக்கிக்கொண்டு இருக்கிறாள். அசையவே இல்லை. ஓடிப்போய் முடியைப் பிடித்துத் தூக்கினேன். மூக்கில் தண்ணீர் ஒழுக, "அப்பா மாதிரி மூச்சடக்கிப் பாத்தேன்மா. நெஞ்சு முட்டுச்சு, வந்துட்டேன்" என்கிறாள். ஓங்கி ஒரு அறை கொடுத்தேன். அப்புறம் இரண்டு பேரும் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதோம். எதற்கு அடித்தேன் என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை. நெஞ்சு முட்டியதே, அதற்குச் சாமிக்கு நூறு கும்பிடு போட வேண்டும் என்று அந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்வேன்?

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன் மாமா. எல்லாக் கதவும் சாத்திக்கிடந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொன்னால் வேறொருத்தர் போடுவார். வேலு போகவில்லை என்றால் வேறொருத்தன் போவான். போலீசுக்குப் போகலாம் என்றால், நடக்காத ஒன்றுக்கு என்னவென்று புகார் எழுதிக் கொடுப்பது? எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கோயில் பக்கம் நடந்தேன்.

உள்ளே போகவில்லை. நீ போனதிலிருந்து நான் உள்ளே போவதில்லை. விடியலில் படகு இறங்குகிற நேரத்தில் நான் வாசலில் நின்றால் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். விரித்துக் காயப்போட்ட வலை இருந்தால் நான் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தாலி அறுத்தவள் எதிரில் வரக் கூடாதாம். என் கையால் மீன் வாங்கித் தின்ற வாய்தான் இதையும் சொல்கிறது. போகட்டும் என்று வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டேன்.

அங்கிருந்து பார்த்தால் சொம்பு தெரிந்தது. அம்மன் காலடியில், விளக்குப் பக்கத்தில். வேலுவின் சீட்டு அதற்குள்தான் கிடக்கிறது. உன் சீட்டும் அதற்குள்தான் கிடந்தது. நீ குழாய்க்குள் போன அன்றைக்கு விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனவள் நான்தான், முந்தானை அதில் பட்டுவிடப்போகிறதே என்று இழுத்துச் செருகிக்கொண்டு ஊற்றினேன். வேலியைப் பிடித்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது நீ சிரித்த சிரிப்பு காதில் கேட்டது மாமா. ஊரையே லீவுல வுட்டுட்ட என்று சிரித்தாயே, அது.

அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊர் ஆட்கள் கம்பெனிக்குப் பயப்படுவார்கள். சூப்பர்வைசர் பேச்சைக் கேட்பார்கள். மீட்டர் இல்லை என்று நான் கத்தினால், பொம்பளைக்கு என்ன தெரியும் என்பார்கள். ஆனால் செத்த பாட்டைத் தொட மாட்டார்கள். எந்த மேலிடம் வந்து சொன்னாலும் தொட மாட்டார்கள். வேலுவும் போக முடியாது, வேலுவுக்குப் பதில் இன்னொருத்தனும் போக முடியாது. அடுத்த அமாவாசைக்கு இன்னும் நாள் கிடக்கிறது. அதற்குள் மீட்டர் வந்துவிடும், லீவில் போனவரும் வந்துவிடுவார். வடக்கத்தி ஆட்களை இறக்குவார்களே என்றால், அவர்களை ஒரே காலையில் இறக்கிவிட முடியாது. அவர்கள் வருவதற்குள் நான் வாசலில் நின்று கத்துகிற கத்தலில் பொன்னேரியிலிருந்து அதிகாரி யாராவது வந்துதான் ஆக வேண்டும். வடக்கத்தி ஆட்களும் ஒருத்தி பெற்ற பிள்ளைகள்தானே.

ஊர் என்னை விட்டுவிடாது. ஒதுக்கி வைப்பார்கள். யாரும் பேசக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று கட்டளை போடுவார்கள். வேலை போகும். வேலுவே என் மூஞ்சியில் காறித் துப்பினாலும் துப்புவான். எனக்குப் பயமாக இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உன் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா ஊருக்குப் போக வேண்டியிருக்கும். ஆனால் துப்புவதற்கு அவன் வாயில் எச்சில் இருக்க வேண்டும் இல்லையா? அவன் மூச்சு விட வேண்டும் இல்லையா? எனக்கு அது போதும்.

அதனால் சத்தியம் செய்கிறேன். நாளைக்குக் காலையில் கம்பெனி வேன் கோயில் முன்னால் வந்து நிற்கும். எல்லாரும் விபூதி பூசிக்கொண்டு ஏறுவதற்கு நிற்பார்கள். அத்தனை பேரும் பார்க்க, வலையைச் சுற்றாமல், வேலிக்கு வெளியே நிற்காமல், நேராக உள்ளே போய் அந்தச் சொம்புக்குள் கை விடுவேன். சும்மா தொட்டுவிட்டு வர மாட்டேன், சீட்டைப் பிரித்து அவன் பேரைச் சத்தமாகப் படிப்பேன். தாலி அறுத்த கை, ஒன்றுக்கும் ஆகாத கை என்று இத்தனை நாள் சொன்னார்களே, இந்தக் கைக்கு ஒரு வேலை வந்திருக்கிறது மாமா.

நாளைக்கு ஊரை மறுபடியும் லீவில் விடப்போகிற,
உன் மாமன் மகள்,
உன் கோமு.